எண்பதும் நாற்பத்தெட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் இலக்கியம் இல்லை, மன்னிக்கவும்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பள்ளிவிட்டு வந்ததும், "அம்மா, 12-க்கு மொத்தம் ஆறு காரணி. அந்த ஆறே 12-ஐ மீதியில்லாம வகுக்குது பாரு" என்றாள். 8-க்கு நான்கு காரணிகள், நான்கு எட்டை வகுக்கிறது. 10-க்கும் நான்குதான், ஆனால் அது வகுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டில் 1 முதல் 100 வரை உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டாள். 16 எண்கள் தேறின. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அதில் ஒற்றைப்படை எண்கள் 1, 9 இரண்டு மட்டும்தான். அது ஏன் என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இதெல்லாம் எதுக்கு, பரீட்சைக்குப் படிக்கச் சொல்" என்கிறார்கள் வீட்டில்.

இந்த எண்களுக்குப் பெயர் உண்டா? வேறு யாராவது ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டார்களா? அப்படியென்றால் அதை அவளிடம் சொல்லலாமா, வேண்டாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் பட்டியல். நூறுக்குள் 16 என்ற எண்ணிக்கை சரி. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் 48 இருக்கிறது, 80 இல்லை. 48-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 48 என்று பத்துக் காரணிகள். பத்து 48-ஐ வகுக்காது. 80-க்கும் பத்துக் காரணிகள்தான், அங்கே வகுபடுகிறது. ஒன்று தப்பாக உள்ளே வந்து, ஒன்று விடுபட்டு, கடைசியில் கணக்கு நேராகிவிட்டது. என் வீட்டு மளிகைக் கணக்கும் பல மாதம் இப்படித்தான் டேலி ஆகிறது.

பெயர் உண்டு. ஒன்றுக்கு இரண்டாக உண்டு. 1990-ல் அமெரிக்காவில் கர்டிஸ் கூப்பர், ராபர்ட் கென்னடி என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் இவற்றை 'டௌ எண்கள்' என்று அழைத்தார்கள். காரணிகளின் எண்ணிக்கையைக் குறிக்க டௌ என்ற கிரேக்க எழுத்தைப் போடும் வழக்கம் உண்டு, அதிலிருந்து வந்தது. இந்தக் கூப்பர்தான் பின்னால் ராட்சதப் பகா எண்களைக் கண்டுபிடித்துப் பிரபலமானவர். 2016-ல் அறிவித்த பகா எண்ணுக்கு இரண்டே கால் கோடி இலக்கங்களுக்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது தடவை இதைக் கண்டுபிடித்தது மனிதர் இல்லை. 1990-களின் கடைசியில் எடின்பரோவில் சைமன் கோல்டன் என்ற ஆய்வு மாணவர் ஒரு கணினி நிரல் எழுதினார். நிரூபணம் செய்யும் நிரல்கள் அதற்கு முன்பே இருந்தன. இது வேறு மாதிரி. கணிதத்தில் புதிய கருத்துகளை உண்டாக்கி, எது சுவாரஸ்யமானது என்று தானே எடைபோடும். எண்களும் அவற்றின் காரணிகளும் என்ற அளவில் ஆரம்பித்து, ஒரு கருத்தை இன்னொன்றோடு கோத்துக்கொண்டே போகும். காரணிகளை எண்ணு என்பது ஒரு படி. வந்த எண்ணிக்கையும் காரணிகளில் ஒன்றா என்று பார் என்பது அடுத்த படி. உங்கள் மகள் எடுத்து வைத்த அதே இரண்டு அடி! நீல் ஸ்லோனின் எண் வரிசைக் கலைக்களஞ்சியத்தில் அப்போது இந்த வரிசை இல்லை. கோல்டன் இதற்கு 'ரீஃபாக்டரபிள்' எண்கள் என்று பெயரிட்டு, இயந்திரத்தின் கண்டுபிடிப்பு என்றே தலைப்பில் போட்டு 1999-ல் கட்டுரை வெளியிட்டார். கூப்பரும் கென்னடியும் முன்பே இங்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த நிரலின் பெயர் ஹெச்ஆர். ஹார்டி, ராமானுஜன் இருவரின் முதல் எழுத்துகள்.

ஆகவே தாராளமாகச் சொல்லுங்கள். மறைத்துவைத்து, பத்து வருடம் கழித்து அவளே எங்காவது பார்த்து ஏமாறுவதைவிட இது நல்லது. எடின்பரோ கணினிக்கும் அவளுக்கும் ஒரே விஷயம் தோன்றியது என்றால் கோபித்துக்கொள்ளும் குழந்தை இருக்குமா என்ன?

இப்போது அந்த ஒற்றைப்படைக் கேள்வி. என்னைக் கேட்டால் அவளுடைய நோட்டில் ஆக மதிப்புள்ள வரி அதுதான். இப்படி வரையறைகளை யார் வேண்டுமானாலும் மணிக்கு நூறு உண்டாக்கலாம். இலக்கங்களைக் கூட்டி இரண்டால் பெருக்கித் திருப்பிப் போட்டால் வருகிற எண் என்று நானும் ஒன்றை எடுத்துவிடலாம், அதிலிருந்து ஒன்றும் முளைக்காது. நாம் விதிக்காத ஒரு ஒழுங்கு தானாக வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே நிற்கிறது. (அடுத்த பத்தியை அவளுக்குக் காட்ட வேண்டாம். ஒரு வாரமாவது அவளே முட்டி மோதட்டும்.)

எண் ஒற்றைப்படை என்றால் அதன் காரணிகள் எல்லாமே ஒற்றைப்படை. காரணிகளின் எண்ணிக்கையும் அவற்றில் ஒன்று என்பதால் அதுவும் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் காரணிகள் எப்போதும் ஜோடி ஜோடியாக வருபவை. 15 என்றால் 1-ம் 15-ம், 3-ம் 5-ம். ஜோடியாக வந்தால் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க ஒரே வழி, ஏதோ ஒரு காரணி தனக்குத் தானே ஜோடியாக இருப்பது. 9-க்கு 3 போல. அதாவது அந்த எண் முழு வர்க்கம். நூறுக்குள் ஒற்றைப்படை வர்க்கங்கள் 1, 9, 25, 49, 81 ஐந்துதான். 25-க்கும் 49-க்கும் மூன்று காரணிகள், 81-க்கு ஐந்து, ஒத்துவரவில்லை. 9-க்கு அப்புறம் 225 வரை போக வேண்டும். அதற்கு ஒன்பது காரணிகள், ஒன்பதால் வகுத்தால் 25.

இதே வாதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினால் வேறொன்று விழும். 6, 28, 496 போன்ற நிறைவு எண்களை அவள் கேள்விப்பட்டிருக்கலாம். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண்கள். அப்படி எந்த எண்ணும் இந்தப் பட்டியலில் வராது என்று கோல்டன் நிரூபித்தார். ஒற்றைப்படையில் ஒரு நிறைவு எண் உண்டா என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருந்தாலும் இங்கே இடம் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடலாம். பட்டியலில் வர அது முழு வர்க்கமாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை வர்க்கத்துக்கு ஒற்றைப்படைக் காரணிகள், அவையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில். கூட்டினால் ஒற்றைப்படை. நிறைவு எண்ணுக்கோ தன்னையும் சேர்த்துக் கூட்டினால் தன்னைப் போல் இருமடங்கு, அதாவது இரட்டைப்படை வர வேண்டும். இல்லாத எண்ணுக்கு நுழைவு மறுப்பது என்பது கணிதத்தில்தான் முடியும். இரட்டைப்படைப் பக்கம் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்து இரண்டு வரியில் முடிந்துவிடும், அதைப் பிளஸ் டூவுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன. எளிய சான்று: 3-ஐத் தவிர வேறு எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணையும் 12-ஆல் பெருக்குங்கள். 60, 84, 132, 156 என்று வரும். எல்லாவற்றுக்கும் 12 காரணிகள்தான். ஆனால் போகப் போக அரிதாகிவிடும். முதல் பத்து எண்களில் 4 (1, 2, 8, 9), முதல் நூறில் 16. கூப்பரும் கென்னடியும் காட்டியது, இந்த விகிதம் கடைசியில் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது என்பதை. ஏன் என்று புரிந்துகொள்ள ராமானுஜனிடம்தான் வர வேண்டும். ஒரு பகா எண் ஒரே ஒரு தடவை காரணியாக வந்தால் மொத்தக் காரணிகளின் எண்ணிக்கையை அது இரட்டிப்பாக்கும். ஐந்து பகா எண்கள் அப்படி வந்தால் காரணிகளின் எண்ணிக்கை 32-ஆல் வகுபடும், ஆகவே எண்ணும் 32-ஆல் வகுபட்டாக வேண்டும். அப்படிப்பட்டவை 32-க்கு ஒன்றுதான். பெரிய எண்களுக்குப் பகாக் காரணிகள் பொதுவாக எத்தனை இருக்கும் என்று ஹார்டியும் ராமானுஜனும் 1917-ல் காட்டினார்கள். மிக மெதுவாக, ஆனால் நிற்காமல் கூடிக்கொண்டே போகும். அதனால் 32 என்பது 64 ஆகும், 128 ஆகும், சல்லடையின் கண் சின்னதாகிக்கொண்டே வரும். ஹார்டி, ராமானுஜன் பெயர் வைத்த இயந்திரம் தேடிக் கொடுத்த எண்கள் ஏன் அரிதாகின்றன என்பதற்கு அவர்களே காரணம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வருடங்களை வைத்தும் விளையாடலாம். 2000-லிருந்து தொடங்கினால் 2000, 2004, 2008, 2016, 2025. அடுத்தது 2056. இதில் 2025 மட்டும் ஒற்றைப்படை, 45-இன் வர்க்கம். கடிகாரத்தின் 12, 24, 60, வட்டத்தின் 360 எல்லாமே இந்த வகைதான். உடனே பாபிலோனியர்களுக்கு இது தெரிந்திருந்தது என்று யாராவது வாட்ஸப்பில் கிளப்பிவிடுவார்கள். சின்னக் காரணிகள் நிறைய உள்ள எண்களுக்கு இது கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான். 120-ம் அப்படிப்பட்ட எண்தான், ஆனால் அதற்கு 16 காரணிகள், 16 அதை வகுப்பதில்லை.

நூறோடு நிறுத்திவிட்டால் அவளுக்கு வேறு வேலை வேண்டும். சரியாக ஏழு காரணிகள் உள்ள இப்படிப்பட்ட எண் எது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றுதான் உண்டு: ஆறு ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற 1,17,649. அப்புறம், அடுத்தடுத்த இரண்டு எண்கள். 1-ம் 2-ம், 8-ம் 9-ம் அவள் பட்டியலிலேயே இருக்கின்றன. மூன்றாவது ஜோடிக்கு 1520, 1521 வரை நடக்க வேண்டும். மேலே 50,624-ம் 50,625-ம் ஒரு ஜோடி. பின்னதற்கு 25 காரணிகள், 25-ஆல் வகுத்தால் வருவது 2025! அடுத்தடுத்து மூன்று எண்கள் இப்படி அமையவே முடியாது என்று 2002-ல் ஜோஷுவா ஸெலின்ஸ்கி நிரூபித்தார். ஜோடிகள் முடிவில்லாமல் வருமா என்று கோல்டன் கேட்டிருக்கிறார். பதில் எங்கும் நான் பார்த்ததில்லை.

பரீட்சை விஷயத்தில் வீட்டாரோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நூறு எண்களுக்கும் காரணி எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் இனி யார் என்ன சொல்லித்தர முடியும்?

ஒரு வேண்டுகோள். 48, 80 சமாச்சாரத்தை நீங்களே நோட்டில் திருத்தாதீர்கள். ஒன்று தப்பு, ஒன்று விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தேடி எடுத்து 48-ஐ அடித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் இதையும் சொல்லலாம்: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். 48 அந்த வரிசையில் வருகிறது. 80 வராது.