படித்தவளுக்குப் பால் சுரக்காதா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 33. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கணவர் மஸ்கட்டில். தனியார் மருத்துவமனையில் சிசேரியன், முதல் குழந்தை, பெண். பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்து வாரம் முடிந்த இப்போது 3.7 கிலோ. இரண்டாம் நாளிலிருந்தே தாய்ப்பாலோடு தினம் மூன்று வேளை பவுடர் பாலும் போகிறது. "பக்கத்து வீட்டு அக்கா எட்டாம் வகுப்பு, அண்டியாபீஸில் (முந்திரி ஆலை) வேலை. மூன்று பிள்ளைகளையும் தாய்ப்பாலிலேயே வளர்த்தார். எனக்கு ஏன் இல்லை? வயதாகிவிட்டதாலா? படித்த பெண்களுக்குப் பால் குறைவு என்கிறார் அத்தை. கடையில் மூன்று மாதத்தில் வரச் சொல்கிறார்கள். இப்போதே முழுக்கப் புட்டிக்கு மாற்றிவிடட்டுமா?"

மாற்ற வேண்டாம். உங்களுக்குப் பால் இருக்கிறது. நான்காம் நாள் பால் கட்டி மார்பு வலித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பால் இறங்கியதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அத்தை சொல்வதில் பாதி நிஜம். நம் நாட்டில் வசதி குறைந்த, கிராமத்து, அதிகம் படிக்காத தாய்மார்தான் நீண்ட நாள் பால் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கதை தலைகீழ். அங்கே படித்த, வயது கூடிய அம்மாக்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். படிப்புதான் பாலை வற்றச் செய்கிறது என்றால் கடல் தாண்டியதும் அது எப்படி மாறும்? நீங்கள் எம்.காம். படித்தது மார்புக்குத் தெரியாது. 33 வயதும் ஒரு வயதா?

அப்படியானால் என்னதான் நடந்தது? பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வழக்கம் ஒன்று: குழந்தையைத் துடைத்து உடனே அம்மாவின் நெஞ்சில் போடுவார்கள். டப்பா வாங்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்றினாலும் விலை தடுத்திருக்கும். (வறுமையைப் புகழவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அது குறுக்கே வராமல் போனது, அவ்வளவுதான்.) உங்களுக்கு அறுவை, மயக்கம், ஊசி வலி. குழந்தை வேறு அறையில். முதல் இரண்டு நாள் சுரப்பது சீம்பால்; ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கரண்டிதான் வரும், குழந்தைக்கு அது போதும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவும் ஆகலாம். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழும். கட்டிலைச் சுற்றி நாலு பேர். "பால் இல்ல மக்களே, பிள்ளை பசியில கிடந்து கத்துது, ஒரு டப்பா வாங்கு." இந்த வசனத்தை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல் மாறியதில்லை.

டப்பா பால் உள்ளே போனால் குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும். அந்த மூன்று மணி நேரம் மார்பை யாரும் சப்பவில்லை. எடுத்தால் ஊறும், எடுக்காவிட்டால் நின்றுவிடும், கிணறு மாதிரி. நாளுக்கு மூன்று வேளை என்றால் மூன்று வேளைப் பாலை உங்கள் உடம்பு குறைத்துக்கொண்டது.

இது உங்கள் ஒருவர் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 60 விழுக்காடு. நாடு முழுக்கவும் சேர்த்துப் பார்த்தால் 42தான். அதில் நாம் முந்திவிட்டோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற கணக்குக்கு வந்தால் நாடு 64, நாம் 55. வீட்டுக்கு வந்தபின் கோட்டைவிடுகிறோம். நம் மாநிலத்தில் பிரசவத்தில் சுமார் 45 விழுக்காடு சிசேரியன், தனியாரில் மட்டும் 64. எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே முதலாக வந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. பிரசவ வார்டில் அந்தப் படிப்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி செய்ய வேண்டியது. பவுடர் பாலை நாளைக்கே நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மார்பிலும் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டுமானால் மட்டும் பவுடர், அதுவும் புட்டியில் வேண்டாம், பாலாடையில் (சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்). மூன்று வேளையை இரண்டாக்கி நாலைந்து நாள் பாருங்கள், அப்புறம் ஒன்றாக்குங்கள். இரவுப் பாலை மட்டும் விடாதீர்கள், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். நாளுக்கு ஆறு தடவைக்குமேல் சிறுநீர், தினம் சராசரி 20 முதல் 30 கிராம் எடை ஏற்றம், இரண்டும் இருந்தால் போதும். எடை நின்றுவிட்டால் பவுடரைக் குறைக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அதுவரை பவுடரைக் கலக்கும்போது டப்பாவில் அச்சிட்ட அளவுதான். மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கூட்டும் பாட்டிமார் நம் ஊரில் நிறைய.

மருத்துவமனையிலிருந்து வரும்போது ஒரு பையில் டப்பாவும் புட்டியும் இலவசமாகக் கொடுத்தார்களாம், அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் ரத்தம் கொதிக்கிறது. குழந்தைப் பால் பவுடர், புட்டி விற்பனைக்கென 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டப்படி இலவச மாதிரி கொடுப்பது குற்றம், விளம்பரம் குற்றம், மருத்துவருக்குப் பரிசு கொடுப்பதும் குற்றம். முப்பது வருடம் தாண்டிவிட்டது, பை மட்டும் நிற்கவில்லை. அடுத்தது, "பால் பெருக" என்று விற்கிற மாவு. அது செரிக்கிறதோ இல்லையோ, மாதக் காசு கரையும். பூண்டும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள், நாக்குக்கு நல்லது. பால் பெருக்குவது குழந்தையின் வாய். சேனை வைக்கிறேன் என்று நாக்கில் மார்த்தாண்டம் தேனைத் தடவ வருவார்கள். எவ்வளவு சுத்தமான தேனானாலும் ஒரு வயது ஆகும் வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசையைச் செயலிழக்க வைக்கும். மட்டி வாழைப்பழம் மசித்துக் கொடுப்பதும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கூழும் ஆறு மாதம் முடிந்த பிறகு.

நிஜமாகவே பால் இறங்காதவர்கள் உண்டா? உண்டு. அதில் ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மருத்துவர்களே தவறவிடுகிறார்கள். நஞ்சுக்கொடி முழுக்க வெளியே வந்தால்தான் உடம்பு பால் சுரக்கும் நிலைக்கு மாறும். ஒரு துண்டு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டு நின்றால் கர்ப்பம் முடியவில்லை என்றே உடம்பு நினைத்துக்கொள்ளும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பத்தாம் நாள். மார்பு ஒரு நாள்கூடக் கட்டவில்லை, பாவாடை நனைகிற அளவு ரத்தப்போக்கு மட்டும் நிற்கவில்லை. மாமியார் ராசி இல்லாதவள் என்றார், கணவர் இரண்டாவது டப்பா உடைத்திருந்தார். ஸ்கேனில் நகம் அளவு ஒரு துண்டு. அதை எடுத்த மூன்றாம் நாள் ஜாக்கெட் நனைந்துவிட்டது என்று வெட்கத்தோடு போனில் சொன்னார். ஆக, மார்பு கட்டவே இல்லை, ரத்தப்போக்கும் குறையவில்லை, அல்லது நாற்றம் அடிக்கிறது என்றால் டப்பா வாங்கப் போகாதீர்கள், ஸ்கேனுக்குப் போங்கள். உங்களுக்கு இது இல்லை.

வேலை விஷயம். மூன்று மாதம் என்று யார் சொன்னது? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைக்கு. 2017-லிருந்து இதுதான். திரும்பிப் போனபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தால் லீவுப் பணம் ஈஎஸ்ஐ தரும், முதலாளிக்குச் செலவே இல்லை. அப்படியும் மனசு வருவதில்லை. பொறி எங்கே என்றால், "ராஜினாமா எழுதிக் கொடு, பிறகு புதிதாகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் லீவும் போச்சு, பழைய சர்வீஸும் போச்சு. லீவுக் கடிதத்தை எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம். அங்கே இரண்டு மூன்று முறை நடக்கவிடுவார்கள், நடங்கள். வேலைக்குப் போன பின் பாலைக் கையால் பிழிந்து மூடிய பாத்திரத்தில் வைக்கலாம்: வெளியே நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள். அடுப்பில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்தில் இறக்கிச் சூடாக்குங்கள்.

இன்னொன்று, உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கு "நான் முடித்துத் தருகிறேன், இரண்டாயிரம் போதும்" என்று ஒருவர் வருவார். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய ஒரு ரூபாயும் ஆகாது.

ஆறு வாரம் முடிந்ததும் தடுப்பூசி வரும். போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள். எடைக் கருவியில் எண்ணை அவரே வாசிக்கட்டும்.