பழைய ரெட்மி நோட் 4: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: 2017இல் வாங்கிய ரெட்மி நோட் 4 வீட்டில் சும்மா கிடக்கிறது. 3 ஜிபி ராம், 32 ஜிபி மெமரி. திரையில் கீறல்கூட இல்லை. ஆனால் சார்ஜ் அரை நாள் நிற்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது வாட்ஸ்அப் வீடியோ கால், பாட்டு, பேரப்பிள்ளைகளின் போட்டோ, கூடவே ஜிபே. அவரிடம் இருப்பது பிஎஸ்என்எல் சிம். இந்த போனில் என்னென்ன வசதி இருக்கிறது? நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், ஜிபே மட்டும் அதில் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கையில் இருக்கும் பொருளைப் பார்ப்போம்.

2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது உங்கள் மாடலின் விலை 10,999 ரூபாய். முதல் நாள் பத்தே நிமிடத்தில் இரண்டரை லட்சம் போன்கள் விற்றதாக ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மி நிறுவனம் அறிவித்தது. ஜனம் அப்படி அடித்துப் பிடித்து வாங்கியதில் நியாயம் இருந்தது. அதில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 625 பிராசசர் 14 நானோமீட்டர் என்ற, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் நுண்ணிய முறையில் செய்தது. எட்டு கோர்களும் சிக்கனமான ஏ53 வகை. வேகத்தில் பெரிய ஆள் கிடையாது, ஆனால் லேசில் சூடாகாது, பேட்டரியையும் குடிக்காது. 4100 எம்ஏஎச் பேட்டரியும் சேர்ந்துகொள்ள, சார்ஜ் நிற்பதில் அந்த விலைக்கு நல்ல பெயர் வாங்கிய போன். 5.5 அங்குல ஃபுல் எச்டி திரை இன்றைக்கும் குறை சொல்ல முடியாதது. பின் கேமரா 13 மெகாபிக்சல், முன் கேமரா 5. வெளிச்சம் இருந்தால் நன்றாக எடுக்கும், டியூப்லைட்டில் சுமார்தான்.

புதுப் போன்கள் பலவற்றில் காணாமல் போன சில சங்கதிகளும் இதில் உண்டு. 3.5 மிமீ ஹெட்போன் துளை இருக்கிறது. எஃப்எம் ரேடியோ நெட் இல்லாமலே பாடும். ஹெட்செட்டைச் செருகினால்தான் பாடும், ஏனென்றால் அதன் ஒயர்தான் ஏரியல். மேல் விளிம்பில் இன்ஃப்ராரெட் இருப்பதால் மி ரிமோட் ஆப்பைக் கொண்டு டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி எல்லாவற்றையும் இயக்கலாம். சோபா இடுக்கில் ரிமோட் தொலையும் வீடுகளுக்கு இது வரப்பிரசாதம்.

சிம் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். டிரேயில் ஓர் இடம் மைக்ரோ சிம்முக்கு, இன்னொன்று நானோ சிம் அல்லது மெமரி கார்டுக்கு. அம்மாவின் நானோ சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டால் மெமரி கார்டுக்கு இடம் இருக்காது. அடாப்டரில் வைத்து மைக்ரோ இடத்தில் போடுபவர்கள் உண்டு; அது வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் பின்களில் மாட்டி வம்பில் விடும். சிம் புதிதாக மாற்றும்போது மைக்ரோ அளவோடு உடைத்துக்கொள்வதே நல்லது.

இன்னொன்று, இந்த போனின் இந்திய மாடல் பிடிக்கும் 4ஜி பேண்டுகள் (அலைவரிசைகளுக்கு இட்ட எண்கள்) 1, 3, 5, 40, 41. பிஎஸ்என்எல் 4ஜி தருவது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். 2100 என்பது பேண்ட் 1, பிடிக்கும். 700 என்பது பேண்ட் 28, பிடிக்காது. தூரத்து டவரிலிருந்து சுவர் தாண்டி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அந்த 700தான். பக்கத்து வீட்டுப் புதுப் போனில் 4ஜி காட்டும், அம்மா போனில் காட்டாது என்ற நிலை வரலாம். ஆகவே கொடுப்பதற்கு முன் ஊரில், அம்மா வழக்கமாக உட்காரும் இடத்திலேயே அந்த சிம்மைப் போட்டு ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். இரண்டு சிம் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் 4ஜி கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. மாற்றத்தான் வேண்டும், யோசிக்காதீர்கள். மாற்றும்வரைகூடச் சார்ஜ் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். போனை மேசைமேல் மல்லாக்க வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரமாகச் சுற்றினால் முதுகு புடைத்திருக்கிறது. டார்ச் அடித்து, திரைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி உட்கார வைக்கவும் பார்க்காதீர்கள். நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடையில் பேட்டரியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நமக்கு வந்த ஸ்னாப்டிராகன் மாடலுக்கு பிஎன்43. சீனாவில் 2016இல் மீடியாடெக் சிப்போடு வந்த இன்னொரு நோட் 4 உண்டு, அதற்கு பிஎன்41. பெயர் ஒன்றுதானே என்று மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதே அளவு பேட்டரியில் 5000, 6000 என்று அச்சடித்து விற்பதும் சகஜம். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கைரேகை சென்சார் பின்மூடியில் ஒட்டியிருக்கிறது, ஒரு மெல்லிய ரிப்பன் ஒயர் அதை உள்ளே இணைக்கிறது. மூடியைச் சட்டென்று பிடுங்கினால் அது அறுந்துபோகும். வேலை முடிந்ததும் கடையிலேயே விரல் வைத்துப் பாருங்கள். அங்கேயே டயல் பேடில் *#*#6484#*#* என்று அடித்தால் நிறுவனத்தின் சோதனைப் பட்டியல் திறக்கும். திரை, மைக், ஸ்பீக்கர், சென்சார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

இனி ஜிபே வேண்டாம் என்றதற்குக் காரணம். இந்த போன் ஆண்ட்ராய்டு 6இல் வந்தது. ஆண்ட்ராய்டின் மேல் ஷாவ்மி போர்த்தும் மியுஐ என்ற மேல்பூச்சு 11ஆம் பதிப்பு வரை புதிதானாலும் அடியில் இருப்பது ஆண்ட்ராய்டு 7.0தான். இனி அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. குரோம் பிரவுசரும் 119ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 7ஐக் கைவிட்டுவிட்டது. மற்ற ஆப்களில் பலவற்றுக்கு ப்ளே ஸ்டோர், இதற்கு ஒத்துவரும் கடைசிப் பழைய பதிப்பைத்தான் தரும். வாட்ஸ்அப் ஓடும், பாட்டு ஓடும். ஓட்டை அடைக்காத போனில் வங்கிக் கணக்கை வைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. அதிலும் இப்போது கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பிக் கணக்கைத் துடைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் வெளி ஆப்களுக்கான அனுமதி ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனி. 7இல் மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச். செட்டிங்ஸில் அன்னோன் சோர்சஸ் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆகவே கேஸ் புக்கிங், கரண்ட் பில் எல்லாவற்றையும் உங்கள் போனிலேயே கட்டிவிடுங்கள். அம்மா தன் கையால்தான் பணம் அனுப்புவேன் என்றால் *99# என்று டயல் செய்து பணம் அனுப்பும் வங்கிச் சேவை இருக்கிறது. அதற்கு நெட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

சில ஆப்கள் நெட் இருந்தும் 'இணைக்க முடியவில்லை' என்று அடம்பிடிக்கும். போன் ரொம்ப நாள் அணைந்து கிடந்ததால் தேதி தவறியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் விஷயம் வேறு. ஏராளமான தளங்களும் ஆப்களும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழில் ஓடுகின்றன. அதை நம்பலாமா என்று போன் சரிபார்க்க வேண்டிய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டுக்குள் வந்தது 7.1.1இல். நம் போன் நின்றது 7.0இல். பழைய சான்றிதழ் ஒன்றின் தயவில் 2024 வரை சமாளித்தார்கள், அதுவும் காலாவதியாகிவிட்டது. அப்படி அடம்பிடிக்கும் ஆப்போடு மல்லுக்கட்டாதீர்கள், அழித்துவிடுங்கள். பூட்லோடரை (போனை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருளின் பூட்டை) திறந்து வேறு ஆண்ட்ராய்டு ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்த போனுக்கு அப்படி நிறைய உண்டு, எனக்கும் பிடித்த விளையாட்டுதான். ஆனால் பத்து மணிக்கு அம்மா "போன் என்னமோ பண்ணுதுப்பா" என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். உங்கள் மி அக்கவுன்ட், கூகுள் அக்கவுன்ட் இரண்டிலிருந்தும் வெளியேறிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அப்படியே ரீசெட் செய்தால் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும். பிறகு வாட்ஸ்அப்புக்கு ஆட்டோஸ்டார்ட் கொடுத்து, பேட்டரி சேவரில் 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' போடுங்கள். இல்லாவிட்டால் மியுஐ பின்னணியில் அதைக் கொன்றுவிடும், நீங்கள் கூப்பிட்டது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. எழுத்தைப் பெரிதாக்குங்கள். பழைய சார்ஜர் போயிருந்தால் 5 வோல்ட், 2 ஆம்பியர் மைக்ரோ யுஎஸ்பி சார்ஜர் போதும். 'ஃபாஸ்ட் சார்ஜர்' என்று விலை கூட்டிச் சொன்னால் வாங்காதீர்கள், இந்த போன் அதை எடுத்துக்கொள்ளாது.