நிலக்கரி நாட்டில் ஆற்றல் படிப்பு: பெருந்துறையிலிருந்து எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் முடித்த உங்கள் மகள் போலந்தில் ஆற்றல் பொறியியலில் முதுநிலைப் படிப்பு படிக்க விரும்புகிறார். ஏஜென்ட் ஒருவர், ஐரோப்பாவில் சோலாருக்கு ஏகப்பட்ட கிராக்கி என்று சொல்லி அவசரப்படுத்துகிறார். நீங்களோ, "நிலக்கரியை நம்பிப் பிழைக்கிற நாட்டுக்குப் போய் இவள் சூரிய சக்தி படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகச் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் இந்த விஷயத்தைப் பேசுவது எனக்கு எளிது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் ஏஜென்ட் சொல்லும் காரணத்துக்காகப் போக வேண்டாம். போலந்தில் ஓர் இயந்திரப் பொறியாளருக்கு நீண்ட நாள் நிற்கக்கூடிய வேலை வெப்பத்தில் இருக்கிறது. வீடுகளையும் ஊர்களையும் சூடாக்குவது, அந்தச் சூட்டை வீணாக்காமல் காப்பது, நிலக்கரி இல்லாமல் அதை உண்டாக்குவது ஆகிய மூன்றும்தான் அந்த வேலை. சோலார் பேனல் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

ஏன் என்று புரிய அந்த நாட்டின் பழைய கதை கொஞ்சம் வேண்டும். 1989 வரை அங்கே அரசு திட்டமிட்ட பொருளாதாரம். கான்கிரீட் சுவர்களை ஆலையிலேயே வார்த்து, லாரியில் கொண்டுவந்து அடுக்கி, லட்சக்கணக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டினார்கள். ஊருக்குப் பொதுவான கொதிகலன் நிலையத்திலிருந்து குழாய் வழியாக வெந்நீர் வரும். ஒவ்வோர் அறையிலும் அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருக்கும். கட்டணம் வீட்டின் சதுர மீட்டர் கணக்கில்தான். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று அளக்க மீட்டர் கிடையாது. சூட்டைக் குறைக்க ஒழுங்காக வேலை செய்யும் வால்வும் பல வீடுகளில் கிடையாது. அறை அதிகம் சூடாகிவிட்டால் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி. நிலக்கரியை எரித்துக் காய்ச்சிய சூடு அப்படியே தெருவுக்குப் போகும். நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப் ஒன்று பழுதாகி நீராவி கசிந்தாலே உங்களுக்கு மனம் பதறும். அங்கே ஒரு நாடு முழுவதும் அப்படித்தான் இருந்தது.

1990-க்குப் பிறகு சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறினார்கள். எரிபொருள் மானியம் குறைந்தது, விலை ஏறியது, கட்டிடங்களுக்கு வெப்ப மீட்டர் வந்தது, ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் வால்வு வந்தது. 1998-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பழைய கட்டிடத்துக்கு வெப்பக் காப்பு செய்யக் கடன் வாங்கினால், கடனில் ஒரு பகுதியை அரசு கட்டும். ஆனால் அதற்கு முன் தகுதியுள்ள ஒருவர் அந்தக் கட்டிடத்துக்கு ஆற்றல் தணிக்கை செய்து, சூடு எங்கே வீணாகிறது, எதைச் செய்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குக் காட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால் அந்த நாட்டில் ஒரு புதிய தொழிலே வளர்ந்தது. இன்று போலந்தின் எந்த ஊரிலும் பழைய அடுக்குமாடிகள் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் பூசி நிற்பதைப் பார்க்கலாம். அந்த வண்ணத்துக்கு அடியில் இருப்பது தெர்மோகோல் பலகை. பழைய கனரக ஆலைகள் மூடப்பட்டதும் சேர்ந்து, அந்நாட்டுப் பொருளாதாரம் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்த காலத்தில் மொத்த ஆற்றல் தேவை ஏறக்குறைய 1990-இன் அளவிலேயே நின்றது. ஆற்றல் சேமிப்பு என்றால் விளக்கை அணைப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அடுக்குமாடிகளை ஓரளவு சரிசெய்துவிட்டார்கள். தனி வீடுகள் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. நிலக்கரி அடுப்பு வைத்த வீடுகளின் புகையால் குளிர்காலத்தில் மூச்சுவிட முடியாத ஊர்கள் அங்கே நிறைய. கிராகோவ் நகரம் 2019 செப்டம்பரில் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதையே தடை செய்தது. 2018-இல் தொடங்கிய 'தூய காற்று' என்ற அரசுத் திட்டம் 2029-க்குள் சுமார் 30 லட்சம் தனி வீடுகளில் அடுப்பை மாற்றி, சுவருக்குக் காப்பு செய்யும் இலக்கோடு, 10,300 கோடி ஸ்வோட்டி (போலந்து நாணயம்) மதிப்பில் அறிவிக்கப்பட்டது. பணம் பெருகிய இடத்தில் மோசடியும் பெருகி, 2024 நவம்பரில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2025 மார்ச் இறுதியில் கடுமையான விதிகளோடு மறுபடி திறந்தார்கள். சுவர்க்காப்பு வேலைக்கு முன்னால் ஆற்றல் தணிக்கை என்பது அந்தப் புதிய விதிகளில் முக்கியமானது. நேர்மையாகக் கணக்குப் போடத் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு ஏறியிருக்கிறது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், ஊர்ப் பொதுக் கொதிகலன்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகப் பெரிய குழாய்வழி வெப்ப வலையங்களில் ஒன்று வார்சாவில் இருக்கிறது. நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான வலையங்கள். அவற்றுக்கான எரிபொருளில் பாதிக்கு மேல் இன்னமும் நிலக்கரி. கரியமிலவாயு வெளியிடுவதற்கு ஐரோப்பாவில் கட்ட வேண்டிய கார்பன் விலை ஏற ஏற அதை வைத்து ஓட்டுவது கட்டுப்படியாகாது. காற்றிலோ நீரிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தரும் பெரிய ஹீட் பம்ப், ஆலைக் கழிவுவெப்பம், பூமிக்கடியில் இருந்து எடுக்கும் வெந்நீர், ராட்சத வெந்நீர்த் தொட்டிகளில் சேமிப்பு என்று ஒவ்வோர் ஊரும் தனக்கேற்ற வழியைத் தேட வேண்டும். தென்கோடி மலைப்பகுதியான பொத்ஹாலேயில் ஆழ்துளைக் கிணற்றில் 80 டிகிரிக்கு மேல் சூடான நீர் கிடைக்கிறது. அதை வைத்து சாகோபானே நகரத்தில் வீடுகளையும் விடுதிகளையும் பல ஆண்டுகளாகச் சூடாக்குகிறார்கள். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கொடுப்பினை இல்லாத ஊர்களில்தான் பொறியாளருக்கு வேலை.

சோலாரைப் பற்றி ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை. 2015-இல் பெயரளவுக்கு இருந்த சூரிய மின் திறன் 2024 முடிவில் 20 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி வீட்டுக் கூரைகளில் நடந்தது. கூரையில் பேனல் பொருத்தும் ஆட்களுக்குத்தான் பெரிய கிராக்கி இருந்தது. 2022 ஏப்ரலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, அவர்கள் கட்டமைப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியதும் கூட்டம் குறைந்தது. இப்போது வெயில் நன்றாக அடிக்கும் விடுமுறை நாட்களில் மின்கட்டமைப்பு தாங்காமல் சோலார் நிலையங்களை நிறுத்தச் சொல்கிறார்கள். இனி அங்கே சோலாரில் பொறியாளருக்கு இருக்கும் வேலை கட்டமைப்பு, பேட்டரி, மின் பாதுகாப்பு. அது மின்னியல் படித்தவர்களின் களம். உங்கள் மகளின் களம் இல்லை. ஹீட் பம்ப் விற்பனையும் 2022-இல் உச்சிக்குப் போய் அடுத்த ஆண்டே சரிந்தது. மானியத்தை நம்பி ஓடும் சந்தை இப்படித்தான் ஏறி இறங்கும். எனவே ஒரு கருவியைப் படித்தவராக இல்லாமல், வெப்பத்தின் கணக்கைப் படித்தவராக அவர் இருக்க வேண்டும்.

காற்றாலையை ஒரு வரியில் சொல்கிறேன். உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவில் வீடு இருந்தால்தான் அனுமதி என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்துக் காற்றாலைகளை ஏழு ஆண்டுகள் முடக்கியது; 2023-இல் அதை 700 மீட்டராகத் தளர்த்தினார்கள். இப்போது பால்டிக் கடலில் தலா 15 மெகாவாட் விசையாழிகள் 76 கொண்ட முதல் கடற்காற்றாலை எழுந்துகொண்டிருக்கிறது. கடல் வேலையில் ஆர்வம் இருந்தால் கதான்ஸ்க் பக்கம் பார்க்கலாம்.

நிலக்கரி நாடு என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். 1990 வாக்கில் அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். இன்று ஒரு லட்சத்துக்கும் கீழே. 2049-க்குள் சுரங்கங்களை மூடுவதென்று 2021-இல் அரசும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 2025 ஜூனில் முதன்முறையாக ஒரு மாத மின் உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிலக்கரியை முந்தியது. மாற்றம் முடிந்த நாட்டில் பராமரிப்பு வேலைதான் மிஞ்சும். மாற்றம் பாதி வழியில் இருக்கும் நாட்டில்தான் இளம் பொறியாளர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். ஆனால் அதே மாற்றத்தில் வேலை இழந்த குடும்பங்களும் அங்கே இருக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கப் பகுதியான சிலேசியாவில் தங்கிப் படிக்கும் பிள்ளை அந்த வலியை மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி விஷயம். கிளிவித்சேயில் உள்ள சிலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1919-இல் சுரங்கக் கல்விக்கூடமாகத் தொடங்கிய கிராகோவின் ஏஜிஎச், வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள். மூன்றிலும் ஆற்றல் துறை வலுவானது. படிப்பின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். 'பசுமை', 'நிலைத்த' என்றெல்லாம் தலைப்பு வைத்து உள்ளே மேலாண்மைப் பாடம் மட்டும் நடத்தும் இடங்கள் உண்டு. பாடத்திட்டத்தை இறக்கி, வெப்ப வலையம், எரிதல், ஹீட் பம்ப், கட்டிட இயற்பியல், ஆற்றல் தணிக்கை ஆகியவற்றில் எத்தனை தாள்கள் இருக்கின்றன, ஆய்வகம் எவ்வளவு நேரம், ஆலைப் பயிற்சி உண்டா என்று உங்கள் மகளே எண்ணிப் பார்க்கட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கான கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 2,000 முதல் 4,500 யூரோவுக்குள் வரும். ஏஜென்ட் சொல்லும் தொகை இதைவிட மிக அதிகம் என்றால் இடையில் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். விண்ணப்பம் நேரடியாகப் பல்கலைக்கழகத் தளத்திலேயே போடலாம்; யாருடைய தயவும் தேவையில்லை.

மொழியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடலாம். கிராகோவ், வார்சா போன்ற நகரங்களில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் பொறியியல் மையங்களில் ஆங்கிலத்தை வைத்து வேலையும் கிடைக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன வெப்ப வேலைகள் நகராட்சியோடும், குடியிருப்புச் சங்கத்தோடும், எழுபது வயது வீட்டுக்காரரோடும் செய்ய வேண்டியவை. தணிக்கை அறிக்கை போலிஷ் மொழியில் எழுத வேண்டும். முதல் செமஸ்டரிலிருந்தே போலிஷ் கற்காத மாணவருக்கு அந்தக் கதவு திறக்காது. கடினமான மொழி, மறுக்கவில்லை. இப்போதே இணைய வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் படித்துப் பார்க்கட்டும். அதில் அவருக்கு வெறுப்புத் தட்டினால், படிப்புக்குப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொண்டது நல்லது.

திரும்பி வந்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி, அதிக ஆற்றல் செலவிடும் ஆலைகளாக அறிவிக்கப்பட்டவற்றில் சான்று பெற்ற ஆற்றல் மேலாளர் இருக்க வேண்டும். தணிக்கையாளர் தேர்வும் தனியாக உண்டு. தேர்வுக்குப் பட்டத்தோடு சில ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். 2026 ஜனவரி முதல் இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்ற பொருட்களை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அவற்றின் கார்பனுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு ஐரோப்பாவில் எப்படிப் போடப்படுகிறது என்று உள்ளே இருந்து பார்த்த ஆள் இங்கே குறைவு. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்தத் துறையில் அது இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. முதலாளியிடம் அனுமதி கேட்டு, உங்கள் மகளை ஒரு மாதம் உங்கள் பாய்லர் அறைக்கு அழைத்துப் போங்கள். புகைபோக்கியில் வாயுவின் வெப்பம் எவ்வளவு, நீராவி குளிர்ந்து நீராகும் கண்டன்சேட் எவ்வளவு திரும்பி வருகிறது, பாய்லருக்குள் போகும் நீரின் வெப்பம் எவ்வளவு என்று தினமும் குறிக்கட்டும். உள்ளே போகும் நீர் 6 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் எரிபொருள் சுமார் ஒரு சதவீதம் மிச்சம் என்பது உங்களுக்குக் கைப்பாடம். அதை அவர் விறகுக் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் எழுதட்டும். எந்த டிராப்பை மாற்றினால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று உங்களிடம் கேட்டு எழுதட்டும். தணிக்கையின் முதல் பாடம் அதுதான். அதை அவருக்கு உங்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இல்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டுரையை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். அதுவரை ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.