கேட் 8 போட்டால் இணையம் வேகமாகுமா?

கேள்வி: வீட்டுச் சுவருக்குள் நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போகிறோம். எங்கள் இணைப்பு 300 எம்பிபிஎஸ். இப்போதுள்ள கேபிளின் தர வகை கேட் 5இ; அதில் வேகம் 94-ஐத் தாண்டுவதே இல்லை. ஒயரிங் செய்பவர், "கேட் 7 இல்லாவிட்டால் கேட் 8 போடுங்கள், ஆயுசுக்கும் கவலையில்லை" என்கிறார். எதை வாங்குவது?

பதில்: கேட் 6 வாங்குங்கள். அது முழுச் செம்பா என்பதைத்தான் நீங்கள் துருவிப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 94. அது கேபிள் ரகத்தின் குற்றமே இல்லை. கேட் 5இ, 100 மீட்டர் தூரம் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும். ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஏதாவது ஒன்று அறுந்திருந்தாலோ, முனையிலுள்ள கனெக்டரில் சரியாக அழுந்தாமல் (கிரிம்ப் ஆகாமல்) இருந்தாலோ, மீதியை வைத்துச் சமாளித்துக்கொண்டு இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும். அதில் கைக்கு வந்து சேருவது 94 சொச்சம். இரு முனைகளையும் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ரூட்டரின் போர்ட்டே 100-தானா என்று பாருங்கள். அப்படியென்றால் தங்கத்தில் கேபிள் இழுத்தாலும் இதே கதைதான்.

இந்த கேட் 7 விஷயம் எனக்குச் சலித்துப்போன ஒன்று. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தரப் பட்டியலில் 6ஏ-க்கு அடுத்தது 8, 7 கிடையாது. சர்வதேசத் தரத்தில் இருக்கும் 7-ம் நாம் மாட்டும் ஆர்ஜே45 முனைக்காக எழுதப்பட்டதல்ல. கேட் 8 டேட்டா சென்டர் சமாச்சாரம்: 25, 40 ஜிகாபிட்டுக்கானது (ஒரு ஜிகாபிட் என்பது 1,000 எம்பிபிஎஸ்), அதுவும் 30 மீட்டருக்குள். தடித்த கேபிள், வளைக்கச் சிரமம், எர்த் கொடுக்காவிட்டால் அதன் உலோகக் கவசத்தால் பலனுமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பெரிய வீடியோ கோப்புகளை வீட்டிலேயே சேமிப்பு சர்வரில் வைத்து எடிட் செய்பவருக்கு 10 ஜிகாபிட் தேவைப்படலாம். அவருக்கு 100 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தரும் கேட் 6ஏ. ஆனால் கொஞ்சம் பொறுங்கள்: கேட் 6-ம் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தரும். பல கேபிள்களைக் கட்டாக நெருக்கிக் கட்டினால் அது 37 மீட்டருக்கு வந்துவிடும். உங்கள் வீட்டில் 37 மீட்டர் நீளமான இழுப்பு இருக்கிறதா? இருந்து, அதன் இரு முனையிலும் 10 ஜிகாபிட் கருவிகள் இருந்தால் 6ஏ போடுங்கள். இல்லையென்றால் விதிவிலக்கும் உங்களுக்கில்லை.

இப்போது உண்மையான வலை. சிசிஏ என்று ஒரு சரக்கு சந்தையில் ஓடுகிறது. உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. கேட் தரங்கள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. ஆனாலும் உறையில் 'கேட் 6' என்று அச்சடித்து விற்பவனை யாரும் கேட்பதில்லை. தரத்தை எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்! இதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமராவை மாட்டினால் கம்பி சூடாகும், கேமரா அணைந்து அணைந்து எரியும். விலை வித்தியாசம் யார் பைக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியை உரித்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போது லேசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். விளக்கு எரியும் சின்ன டெஸ்டரை வைத்து "எல்லாம் ஓகே" என்பார்கள். அது கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் சொல்லும்; அலுமினியமும் அதில் பாஸாகிவிடும்.

கேபிளை நேராகச் சுவரில் புதைக்க விடாதீர்கள். குழாய்க்குள் இழுக்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு இழுகயிறும் கிடக்கட்டும். நாளைக்கு வேறு ரகம் வேண்டுமென்றால் சுவரை உடைக்காமல் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு முனையிலும் ஜிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியைச் செருகி, இணைப்பு வேகம் 1,000 என்று காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். எல்லா முனையிலும் காட்டும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.