ஸ்கேனர் கேள்வி பதில்: சத்தமே வரலை, சத்தம் நிக்கவே இல்லை

கையில வச்சு கேக்குற ரேடியோ ஸ்கேனர், அதாவது பல சேனல ஒண்ணு மாத்தி ஒண்ணா தேடி யாராவது பேசினா அங்க நின்னு கேக்க வைக்கிற ரேடியோ, அத பத்தி நிறைய பேர் எழுதி கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன். இதுல முக்கால்வாசி செட்டோட கோளாறே இல்ல, அதனால ஸ்க்ரூ டிரைவர எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க.

கேள்வி: சார், புதுசா ஸ்கேனர் வாங்கினேன். ஸ்கேன் பட்டன அமுக்கினா முதல் சேனல்லயே நின்னு உஸ்ஸுன்னு இரையுது, அடுத்ததுக்கு போகவே மாட்டேங்குது. செட்டு போச்சா?

போகலைங்க. ஸ்கெல்ச் ரொம்ப கீழ இருக்கு, அவ்வளவுதான். சிக்னல் ஒரு அளவுக்கு மேல வந்தா மட்டும் ஸ்பீக்கர திறந்து விடுறது தான் ஸ்கெல்ச்சோட வேலை, அந்த அளவ நீங்க ரொம்ப இறக்கி வச்சிருந்தா வெறும் இரைச்சலையே யாரோ பேசுறாங்கன்னு எடுத்துக்கிட்டு செட் அங்கயே நின்னுடும். ஸ்கேன நிறுத்திட்டு யாரும் பேசாத ஒரு சேனல்ல வைங்க. குமிழ முழுசா இறக்குங்க, இரைச்சல் வரும். இப்போ மெதுவா ஏத்திக்கிட்டே வந்தா ஒரு இடத்துல டக்குன்னு அடங்கும், அதுக்கு மேல ஒரு துளி, அங்க விட்டுடுங்க. கடுப்புல முழுசா ஏத்தி வச்சிட்டு ஒண்ணுமே கேக்கலைன்னு எழுதினவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் இதே பதில் தான், தூரத்து சிக்னல் எல்லாம் அந்த அளவ தாண்டி வரவே முடியாது.

இன்னொண்ணு, இந்த இடம் நிரந்தரம் கிடையாது. ஆன்டெனா மாத்தினா, வேற இடத்துக்கு போனா, ஏன் ஒரு பேண்ட்லருந்து, அதாவது ஒரு ஃப்ரீக்வென்சி தொகுப்புலருந்து, இன்னொரு பேண்டுக்கு போனா கூட மாறும். சேனல்ல ஒருத்தர் பேசுறது மட்டும் கேக்குது, அவருக்கு வர்ற பதில் விட்டுப்போகுதுன்னு சொன்னவங்க டிலே-ய ஆன் பண்ணுங்க, ஒருத்தர் பேசி முடிச்சதும் ரெண்டு செகண்ட் மாதிரி அதே சேனல்ல காத்திருக்கும்.

கேள்வி: விமான பேச்சு கேக்க தான் ஆசைப்பட்டு வாங்கினேன். சில நேரம் குரல் வருது ஆனா கரகரன்னு அமுங்கி ஒரு வார்த்தை புரியல. பைலட் பேசுறது மட்டும் வருது, ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர் பதில் வரவே மாட்டேங்குது.

ரெண்டு தனித்தனி விஷயம் இது. முதல்ல மோட பாருங்க. ஏஎம், எஃப்எம்ங்கறது குரல ரேடியோ அலைல ஏத்துற ரெண்டு விதம், செட்டு எந்த விதத்துல கேக்கணும்ங்கறது தான் மோடு. விமான பேச்சு 118லருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், எல்லாமே ஏஎம். செட் எஃப்எம்ல இருந்தா நீங்க சொல்ற அதே அமுங்கின குரல் தான் வரும். சில செட்டு தானா மாத்திக்கும், எல்லா மோடையும் நம்ம கைல விடுற செட்டுல நாம தான் மாத்தணும். இந்த காலத்துலயும் ஏன் ஏஎம்முன்னு பல பேருக்கு சந்தேகம் இருக்கு. எஃப்எம்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா பலமான சிக்னல் மத்தத அப்படியே முழுங்கிடும், இன்னொருத்தர் கூப்பிட்டதே தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அப்போ கன்ட்ரோலருக்கு இன்னொருத்தரும் பேச முயற்சி பண்றார்னு தெரிஞ்சிடும். உயிர் சம்பந்தப்பட்ட எடத்துல இது பெரிய விஷயம்.

டவர் கேக்காததுக்கு காரணம் தூரமும் மறைப்பும் தான். விமான பேச்சு ஓடுற இந்த விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். பத்தாயிரம் மீட்டர் உயரத்துல பறக்குற விமானம் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் உங்களுக்கு கேக்க வாய்ப்பு இருக்கு, ஆனா டவர் ஆன்டெனா தரையோட ஒட்டி இருக்கு, நடுவுல ஒரு மேடோ நாலு கட்டடமோ வந்தா முடிஞ்சுது. மாடிக்கு போய் பாருங்க, ஜன்னல் ஓரம் வைங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

கூடவே ஒரு நல்ல பழக்கம் சொல்றேன். பெரிய ஏர்போர்ட்ல ஏடிஐஎஸ்னு ஒரு சேனல் இருக்கும், காத்து எந்த பக்கம், எந்த ரன்வே ஓடுதுன்னு ரெக்கார்ட் பண்ணது திரும்ப திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். அது உங்களுக்கு எட்டுதுன்னா ஒரு மெமரில போட்டு வைங்க. எப்பவும் ஓடுற சிக்னல் ஒண்ணு கைல இருந்தா தான் செட்டு கெட்டதா ஆன்டெனா கெட்டதா இல்ல யாரும் பேசலையான்னு அடிச்சு சொல்ல முடியும்.

கேள்வி: கூட வந்த குட்டி ஆன்டெனாவ கழட்டிட்டு பெருசா ஒண்ணு போட்டேன். இன்னும் நல்லா கேக்கும்னு பார்த்தா முன்னாடி கேட்டதும் கேக்கல, பாட்டு சத்தம் எல்லாம் நடுவுல வருது. ஏமாத்திட்டாங்களா?

ஆன்டெனா அதோட வேலைய நல்லா செய்யுது, அது தான் பிரச்சனை. பெரிய ஆன்டெனா நமக்கு வேண்டிய மெல்லிசு சிக்னல மட்டும் கொண்டு வராது, பக்கத்துல இருக்குற எஃப்எம் ரேடியோ ஸ்டேஷனையும் சேர்த்து அள்ளிட்டு வரும். 88லருந்து 108 வரைக்கும் எஃப்எம் ஸ்டேஷன், அதுக்கு கொஞ்சம் மேலயே விமான பேண்ட். கைல வைக்கிற செட்டுல முன்பக்க ஃபில்டர் அவ்வளவு கெட்டியா இருக்காது, பலமான சிக்னல் உள்ள வந்து குமிஞ்சதும் மத்தது எல்லாம் அமுங்கிப்போகும், இல்லாத எடத்துல இல்லாத ஸ்டேஷன் கேக்கும்.

சோதிக்கிறது சுலபம். மெனுவுல ஏடிடி இல்லன்னா அட்டெனுவேட்டர்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணுங்க. சிக்னல குறைச்சும் குரல் தெளிவாச்சுன்னா ஓவர்லோட் தான், சந்தேகமே வேணாம். அப்புறம் எஃப்எம் பேண்ட மட்டும் வெட்டுற ஒரு குட்டி ஃபில்டர் கிடைக்கும், ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவுல போடுறது, விமான பேச்சு கேக்குறவங்க பணம் போடணும்னா பெரிய ஆன்டெனாவுக்கு முன்னாடி இதுக்கு போடுங்கன்னு தான் நான் சொல்வேன்.

இதே மாதிரி இன்னொருத்தர் 145 மெகாஹெர்ட்ஸ்ல அமெச்சூர் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசுறவங்க) கேக்கும்போது விமான பேச்சு மங்கலா வருதுன்னு எழுதியிருந்தார். அதுக்கு இமேஜ்னு பேரு, வேற ஃப்ரீக்வென்சி சிக்னல் இங்க நிழல் மாதிரி கேக்குறது. வர்ற சிக்னல செட்டு உள்ளுக்குள்ள ஒரு நிலையான ஃப்ரீக்வென்சிக்கு மாத்திக்கும், அது தான் ஐஎஃப். அது 10.7 மெகாஹெர்ட்ஸா இருந்தா அதோட ரெண்டு மடங்கு, அதாவது 21.4 தள்ளி இருக்குற சிக்னலும் உள்ள நுழைஞ்சிடும். 145லருந்து 21.4 கழிச்சு பாருங்க, 123.6, விமான பேண்டுக்குள்ளயே வருது. டிசைன்லயே இருக்குறது, ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல.

நீளம் விஷயத்துல பெருசா இருந்தா நல்லதுங்கறது தப்பு கணக்கு. 7500ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா கால் அலை நீளம் சென்டிமீட்டர்ல வரும், ஆன்டெனா அந்த நீளத்துக்கு கிட்ட இருந்தா தான் நல்லா வேலை செய்யும். 125க்கு 60, 150க்கு 50, 450க்கு 17 கூட வராது. இழுத்து நீட்டுற ஆன்டெனா வச்சிருக்கவங்க பேண்டுக்கு ஏத்த மாதிரி நீட்டுங்க. மூடும்போது நுனில கை வச்சு ஒரே அமுக்கா அமுக்காதீங்க, வளைஞ்சு ஒடியறது அப்படித்தான், ஒவ்வொரு துண்டா பிடிச்சு இறக்குங்க.

கேள்வி: இயர்போன் போட்டா நல்லா கேக்குது. கழட்டினா ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல.

ஜாக்குக்குள்ள ஒரு மெல்லிசான தகடு இருக்கு, பின் உள்ள போகும்போது தள்ளிப்போய் ஸ்பீக்கர கட் பண்ணும், பின்ன எடுத்ததும் திரும்பி வந்து ஒட்டணும். தூசியோ பாசியோ பிடிச்சா ஒட்டாது. செட்ட ஆஃப் பண்ணிட்டு இயர்போன் பின்ன பத்து இருபது தடவ போட்டு போட்டு எடுங்க, பல செட்டு அதுலயே சரியாகும். ஆகலைன்னா எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஒரு சின்ன பீச்சு அடிச்சிட்டு திரும்ப அதையே செய்ங்க. வால்யூம் திருப்பும்போது கரகரன்னு வர்றதுக்கும் இதே மருந்து. துரு எடுக்குற எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடிக்கவே கூடாது, அது தூசிய இழுத்து வச்சிக்கும்.

கேள்வி: சார்ஜ் பேட்டரி போட்டா சீக்கிரமே லோ பேட்டரின்னு காட்டுது. சாதா பேட்டரி போட்டு மாசக்கணக்கா விட்டதுல உள்ள வெள்ளையா பொடி பூத்திருக்கு. என்ன செய்யலாம்?

சார்ஜ் ஆகுற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஒரு செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட். நாலு போட்டா ஒண்ணு 4.8, இன்னொண்ணு 6. செட்டுக்கு எந்த வகைன்னு சொல்லலைன்னா முழுசா சார்ஜ் ஆன பேட்டரியையே காலின்னு நினைச்சிக்கும். பேட்டரி அறைக்குள்ளயோ மெனுவுலயோ வகை மாத்துற ஸ்விட்ச் இருக்கான்னு தேடுங்க. இந்த ஸ்விட்ச் விளையாட்டு இல்ல, ரொம்ப கவனமா கேளுங்க: அல்கலைன் போட்டுட்டு சார்ஜ் வகைல வச்சு அடாப்டர சொருகினா செட் அதுக்கு சார்ஜ் ஏத்த பார்க்கும், பேட்டரி சூடாகி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

வகை சரியா இருந்தும் சீக்கிரம் தீர்ந்தா செட்ட ஆன்ல வச்சு ஒவ்வொரு செல்லையும் மீட்டர்ல பாருங்க, மூணு 1.2 காட்டி ஒண்ணு மட்டும் 1க்கு கீழ இருந்தா அது தான் மத்ததையும் சேர்த்து இழுக்குது. மாத்தும்போது நாலையும் மாத்துங்க, பழசும் புதுசும் கலக்காதீங்க.

அந்த வெள்ளை பொடி, பேட்டரிலருந்து ஒழுகின காரம். கை உறை போட்டுக்குங்க, ஊதாதீங்க, கண்ல படக்கூடாது. காது குடையுற பஞ்சு குச்சிய வினிகர்ல லேசா நனைச்சு பொடி மேல வைங்க, நுரைக்கும், நுரை அடங்கினதும் வேற குச்சியால துடைங்க. நுரை வராத வரைக்கும் இதையே செய்ங்க. அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காய விடுங்க. ஸ்ப்ரிங்கோட நுனி கருத்திருந்தா பென்சில் ரப்பரால தேய்ச்சு பளபளப்பு வர வைங்க, உப்புத்தாள் வேணாம், மேல் பூச்சு போய்ட்டா சீக்கிரமே திரும்ப துரு பிடிக்கும்.

அடாப்டர் பத்தி ஒரே வரி: வோல்ட் சரியா இருந்தா போதாது, பின்னோட நடு பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு செட்டுல வரைஞ்சிருக்குற படத்தோட ஒத்துப்போகணும்.

கேள்வி: ஸ்கேன் பண்ணும்போது ஒரே ஒரு ஃப்ரீக்வென்சில மட்டும் எப்பவும் நின்னுடுது. குரல் இல்ல, சும்மா அமைதியாவோ ங்ங்ஙன்னோ இருக்கு.

ஆன்டெனாவ கழட்டிட்டு அதே இடத்துல கேளுங்க. அப்பவும் சிக்னல் அப்படியே இருந்தா செட்டு தனக்குள்ளயே உண்டாக்குறது, இதுக்கு பேர்டின்னு பேரு, எல்லா ஸ்கேனர்லயும் ரெண்டு மூணாவது இருக்கும். லாக்அவுட் போட்டு தாண்டி விட்டுடுங்க.

ஆன்டெனா கழட்டினதும் போச்சுன்னா வெளில இருந்து வருது, அனேகமா உங்க வீட்டுலருந்தே. செட்ட பேட்டரில ஓட விட்டுட்டு வீட்டு மெயின ஆஃப் பண்ணுங்க. சத்தம் நின்னுச்சா? ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே வாங்க. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், ரூட்டர், சோலார் இன்வெர்ட்டர், இந்த நாலுல ஒண்ணு மாட்டும். குட்டி ஆன்டெனா போட்டு செட்ட கைல எடுத்துட்டு நடந்தீங்கன்னா கிட்ட போக போக சத்தம் ஏறும்.

கேள்வி: முன்ன நல்லா கேட்ட சேனல்கள்ல இப்போ மோட்டார் மாதிரி இரைச்சல் மட்டும் வருது. ரிசீவர் கெட்டுடுச்சா?

மத்த சேனல் நல்லா இருந்தா செட்டு நல்லா தான் இருக்கு. அனேகமா அந்த சேனல்ல பேசுறவங்க டிஜிட்டலுக்கு மாறியிருப்பாங்க. டிஎம்ஆர், பி25, டெட்ரான்னு பல வகை, உங்க செட்டுக்கு அந்த வகை புரிஞ்சா தான் குரலா மாத்தும். அதுக்கும் மேல பூட்டு போட்டு என்கிரிப்ட் பண்ணியிருந்தா எந்த ஸ்கேனரும் திறக்காது, திறக்கும்னு சொல்லி விக்கிறவங்கள நம்பாதீங்க. எதைக் கேக்கலாம் எதைக் கேக்கக்கூடாதுன்னு நாட்டுக்கு நாடு சட்டம் வேற, சில நாட்டுல செட்டு வச்சிருக்கவே அனுமதி வேணும், வாங்குறதுக்கு முன்னாடி விசாரிச்சிடுங்க.

கேள்வி: செட்டுல ஆன்டெனா ஆடுது, லேசா தொட்டா சிக்னல் வந்து வந்து போகுது.

திருகி மாட்டுற எஸ்எம்ஏவா, கால் சுத்து சுத்தி பூட்டுற பிஎன்சியான்னு பாருங்க. எஸ்எம்ஏ ரொம்ப சின்னது, அதுல அடாப்டர் வச்சு மேல நீள ஆன்டெனா மாட்டினா ஒவ்வொரு அசைவும் உள்ள இருக்குற சால்டர்ல தான் விழும், கடைசில அது விட்டுடும். அப்படி விட்டதுன்னா திரும்ப சால்டர் வைக்கணும், தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. ஆன்டெனாவ பிடிச்சு செட்ட தூக்குற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க.

கேள்வி: படகுல போனப்போ கடல் தண்ணி பட்டுடுச்சு. இன்னும் ஆன் பண்ணி பார்க்கல.

ஆன் பண்ணாதது தான் நீங்க செஞ்ச நல்ல காரியம். பேட்டரிய உடனே எடுங்க. கடல் தண்ணி உப்பு பட்டதுமே அரிக்க ஆரம்பிச்சிடும், காஞ்சாலும் உள்ளயே தங்கிடும், அதனால காய விடுறதுக்கு முன்னாடி உப்ப வெளியேத்தணும். உள்ள போயிருந்தா செட்ட திறந்து போர்ட டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டு அலசி ரெண்டு மூணு நாள் காய வைக்கணும், ஸ்பீக்கரும் டிஸ்ப்ளேவும் நனையக்கூடாது, கை பழக்கம் இல்லைன்னா இன்னிக்கே சர்வீஸுக்கு கொண்டு போங்க. அரிசி டப்பால போட்டு வைக்கிறது உப்ப எடுக்காது.

கேள்வி: கொஞ்ச மாசத்துக்கு கேக்க நேரம் இருக்காது. எப்படி எடுத்து வைக்கிறது?

முதல்ல சேனல் லிஸ்ட கம்ப்யூட்டர்லயோ ஒரு தாள்லயோ எழுதி வைங்க. பழைய செட்டு சிலதுல மெமரிய உள்ள இருக்குற குட்டி பேட்டரி தான் காப்பாத்துது, அது தீர்ந்தா எல்லாம் போயிடும், அதோட ரீசெட் பண்ண வேண்டி வந்தாலும் லிஸ்ட் கைல இருந்தா பயமில்ல. லேசா ஈரமான துணில செட்ட துடைங்க, தின்னர் அசிட்டோன் எதுவும் பட வேணாம், டிஸ்ப்ளே மங்கிடும். பேட்டரிய வெளில எடுங்க. லித்தியம் பேட்டரின்னா முழு சார்ஜ்லயும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க, பாதிக்கு கிட்ட இருக்கட்டும். ஆன்டெனாவ கழட்டி தனியா, மடங்காம வைங்க, செட்டோட சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு மூடுங்க, வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள மட்டும் வச்சிட்டு போகாதீங்க.