ஏழு வயது ஸ்போர்ட்ஸ் கார்: இப்போது விற்பதா, இன்னும் வைத்திருப்பதா?

கேள்வி: வணக்கம் சார். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், தேங்காய் வியாபாரம். 2019-ல் புதிதாக ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ வாங்கினேன். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கோடியை ஒட்டி வந்தது. இதுவரை 34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டது. கொச்சியில் ஒரு டீலர் 50 லட்சம் தருகிறேன் என்கிறார். “ஸ்போர்ட்ஸ் கார்னா அஞ்சு வருஷம்தான். அதுக்கு மேல வச்சிருந்தா பட்டறைக்காரனுக்குத்தான் சம்பாதிச்சுப் போடணும்” என்கிறார் மச்சான். ஷோரூம் விலை 95 லட்சத்தில் வேறொரு வண்டியும் பார்த்து வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட வண்டியை எத்தனை வருடம் வைத்திருப்பது சரி? மகளுக்கு இப்போது ஐந்து வயது.

பதில்: உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. இந்த மாதிரி வண்டிகளின் விலை மளமளவென்று சரிவது முதல் ஐந்து வருடத்தில்தான். ஆனால் அந்த ஐந்து வருடத்தை நீங்கள் தாண்டியாயிற்று. இப்போது போய் விற்பது, வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து சேர்ந்த பிறகு, இறக்கம் பயமாக இருக்கிறது என்று வண்டியை ஓரம் கட்டுவது போல. ஒரு கோடியில் போன பாதி போனதுதான். விற்றாலும் அது வராது, விற்காவிட்டாலும் வராது. அதனால் “எத்தனை வருடம்” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு இதை வைத்திருக்க என்ன ஆகும், மாற்ற என்ன ஆகும், இதைத்தான் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

கோவையில் செகண்ட் ஹேண்ட் வண்டிகளுக்கு விலை போடுவதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் உங்கள் வண்டிக்கு ஒரு மனக்கணக்கு போடுகிறேன், உங்கள் பில்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்று 50 லட்சம் போகிற வண்டி அடுத்த வருடம் 45 போகும் என்று வையுங்கள். அங்கே 5 லட்சம். இன்சூரன்ஸ் ஒன்றேகால். சர்வீஸ் ஒன்று. டயர், பிரேக் செலவை வருடத்துக்குப் பிரித்தால் இன்னொன்று. திடீரென்று ஏதாவது போனால் என்று 2 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். ஆக 10 லட்சத்தைச் சுற்றி. பெரிய தொகைதான், மறுக்கவில்லை.

இனி 95 லட்சம் வண்டியைப் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குக் கேரளத்தில் ஒருமுறை வரியே 20%-க்கு மேல். அதில் மட்டும் 19 லட்சத்துக்குக் குறையாமல் போய்விடும், அது திரும்பி வராத காசு. அப்புறம் தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமாகப் பின்பற்றும் பட்டியலையே எடுத்துக்கொண்டால், ஒரு வயதுக்குள் 15%, இரண்டுக்குள் 20%, மூன்றுக்குள் 30%, நான்குக்குள் 40%, ஐந்துக்குள் 50%. அதாவது முதல் வருடமே 14 லட்சம். ஒரு வருடத்தில் 33 லட்சம் ஆவி. மேற்கொண்டு நீங்கள் போடும் 65, 70 லட்சத்துக்கு வங்கி வட்டி என்று பார்த்தால் இன்னொரு நான்கு லட்சத்துக்கு மேல். பட்டறைக்காரருக்குச் சம்பாதித்துப் போடுவது பற்றிக் கவலைப்படும் மச்சான், இந்த 33 லட்சத்தை யாருக்குச் சம்பாதித்துப் போடுகிறோம் என்று கேட்கவில்லை.

மாற்றியே தீர வேண்டுமென்றால் புதிது வேண்டாம். மூன்று, நான்கு வயதான, கே.எல். பதிவுள்ள, ஒரே ஓனர் கையில் இருந்த வண்டியாகப் பாருங்கள். வரியையும் முதல் சரிவையும் அவர் சுமந்திருப்பார்.

சரி, வைத்துக்கொள்வதென்றால் எதில் காசு போகும்? கிலோமீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வருடத்துக்கு ஐந்தாயிரம் கி.மீ. கூட ஓடாத வண்டி உங்களுடையது. ஓட்டத்தால் தேய்வதை விட நின்று கெடுவதுதான் இதில் அதிகம். முதலில் டயர். பட்டன் இன்னும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வீர்கள். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு வயதுக்கு மேல் ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிப்பு போய்விடும். 340 குதிரைத்திறனும் பின்சக்கரங்களுக்குப் போகிற வண்டியில் இது விளையாட்டில்லை. இந்த வண்டியில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அகலம் கூடிய வேறு அளவு. முன்னதைப் பின்னால் மாட்டிச் சமாளிக்கும் வேலை நடக்காது. ஒரிஜினல் டயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வைத்திருப்பதா விற்பதா என்று யோசிப்பதற்கு முன்பே நான்கையும் மாற்றுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக்கும் ரப்பரும். டர்போ எஞ்சினின் சூட்டில் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்கள், ஹவுசிங், ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் எல்லாம் ஏழெட்டு வயதில் மொறமொறவென்று ஆகிவிடும். தானாக உடையும் வரை காத்திருந்தால் குதிரான் சுரங்கப்பாதைக்குள்தான் உடையும், அதற்கென்று ஒரு நேரம் காலம் கிடையாது. ஒரே தடவையாகப் பிரித்து மாற்றச் சொல்லுங்கள், பிரிக்கும் கூலி ஒன்றுதான். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செட்டிபாளையம் கரி ஸ்பீடுவே பந்தயத் தளத்துக்கு டிராக் நாளில் போகிறவரென்றால் வருடத்துக்கு ஒருமுறை.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் பயப்படுவது உங்கள் வண்டியின் மடக்கும் துணிக்கூரைக்கு. சில வருடம் முன்பு நெம்மாறைப் பக்கமிருந்து இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முடிந்த கையோடு ஒரு துணிக்கூரை வண்டி விலை போட வந்தது. கதவைத் திறந்ததும் ஊறிய சாக்கு வாடை. டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினால் இரண்டு விரற்கடை தண்ணீர், அதற்குள் ஒரு கண்ட்ரோல் யூனிட் பச்சை பூத்துக் கிடந்தது. கூரைத் துணியில் ஒரு பொத்தல்கூட இல்லை. கூரை மடங்கும் இடத்தின் ஓரத்தில் மழைநீர் இறங்க ஒரு சிறு துளையும் அதன் கீழே குழாயும் இருக்கும். அந்தக் குழாயிலிருந்து எடுத்தது ஒரு கைப்பிடி புளிய இலை, மை மாதிரி மக்கிப்போனது. வண்டி வருடக்கணக்காகப் புளிய மரத்தடியில் நின்றிருக்கிறது. ஸ்கேனரில் வந்த எரர்களைப் பார்த்துவிட்டு, அந்த வண்டிக்கு நான் மனதில் வைத்திருந்த விலையில் கால்வாசியைக் குறைத்தேன். ஓனர் சண்டைக்கு வந்தார். புளிய இலைக்கு இவ்வளவு விலையா என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் கிழக்குச் சித்தூர்ப் பக்கம் மழை குறைவு, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதிகம். மார்கழி, தையில் அது வாரி இறைக்கும் தூசியும் சருகும் அந்தத் துளைகளுக்குத்தான் போய்ச் சேரும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் நரம்பு போதும். கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே குழாய் கழன்றுவிடும், பிறகு கூரைக்கடியில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வண்டியின் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பு, எவ்வளவு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையுமே என்று ஐ.டி.வி.யைக் குறைத்து ஏஜென்ட் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75%-ஐத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ். இறக்குமதி வண்டிக்கு ஹெட்லைட், பானெட், ஏர்பேக் என்று சேர்த்தாலே பில் எங்கேயோ போய் நிற்கும். 50 லட்சம் சந்தை விலை உள்ள வண்டிக்கு 30 லட்சம் ஐ.டி.வி. போட்டிருந்தால், 23 லட்சம் பில்லில் வண்டி கையை விட்டுப் போகும், கிடைப்பது 30. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் கைகொடுக்கும் எஞ்சின் புரொடெக்ட் கவரையும் விடாதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கேரளத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்தக் கவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்த 50 லட்சம் நியாயமான விலையா? குறைவுதான், ஆனால் அநியாயம் இல்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸுமாக 48, 50% இருந்தது 40% ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும். அதோடு டீலர் தன் லாபத்துக்கு 18% ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், அதையும் உங்கள் விலையில்தான் கழிப்பார். நேரடியாக ஒருவருக்கு விற்றால் அந்த வரி இல்லை, கூடுதலாக இரண்டு மூன்று லட்சம் நிற்கும். வண்டி உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் மட்டும். வியாபாரக் கணக்கில் வாங்கித் தேய்மானம் கழித்து வந்திருந்தால் விற்பதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கோவை பக்கத்தில்தானே, அங்கே நல்ல விலை வருமே என்று தோன்றும். மாநில எல்லையான வாளையாறைத் தாண்டினால் கணக்கு மாறும். என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, நம்பர் மாற்றும் செலவையும் அலைச்சலையும் கோவைக்காரர் உங்கள் விலையில்தான் கழிப்பார். கே.எல். வண்டியைக் கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ விற்பதுதான் லாபம். “நம்பர் மாத்தாமலே கோயம்புத்தூர்ல ஓட்டலாம்” என்பவரிடமும் ஜாக்கிரதை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும் வரை நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அடுத்த வண்டியைப் பாண்டிச்சேரியில் பதியலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் வரும். வரி குறைவு என்று பாண்டிச்சேரி முகவரியில் வண்டி பதிந்த விவகாரம் 2017-ல் கேரளத்தில் எப்படி வெடித்தது என்று ஞாபகப்படுத்துங்கள்.

“பத்து வருஷம் ஆனா ஸ்கிராப்” என்று காதில் விழுந்திருக்கும். அது டெல்லி வட்டாரத்து டீசல் வண்டிக் கதை. அங்கேயும் பெட்ரோலுக்கு 15 வருடம். நமக்கு 15 வருடத்தில் எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 என்று ஏறியது. அதனால் 13, 14 வயதில் விலை இன்னொரு தடவை சரியும். பெட்ரோல் இரண்டு கதவு வண்டிகள் அருகி வருவது உண்மைதான். ஆடி டிடி 2023 நவம்பரோடு நின்றது, ஆர்8 2024-ல். அதற்காக உங்கள் வண்டி பொக்கிஷமாகிவிடும் என்று பூட்டி வைக்க வேண்டாம். விண்டேஜ் என்று அரசு ஒப்புக்கொள்ளவே 50 வருடம் ஆக வேண்டும்.

ஆக, என் யோசனை: டயரையும் கூலன்ட் வேலையையும் முடித்துவிட்டு, பத்து வயது வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வேலைக்கு நான்கைந்து லட்சம் ஆகும் என்று வைத்தாலும் புது வண்டி வரியில் கால்வாசிதான். வருடா வருடம் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஒரே பழுதுக்கு அன்றைய சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள் என்றால் விற்றுவிடலாம்.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியைத் தற்செயலாக எழுதியிருக்க மாட்டீர்கள். மகளுக்கு ஐந்து வயது, வண்டியில் இரண்டே சீட். இது தேய்மானக் கணக்கில் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை நெல்லியாம்பதிக்கு மூன்று பேரும் சேர்ந்து போக ஆசைப்பட்டு, வேறு வண்டி எடுத்து, இது ஷெட்டிலேயே நிற்கிறது என்றால் பத்து வயது வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. போன ஆறு மாதத்தில் எத்தனை நாள் இதை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாளுக்குக் கீழே என்றால் விற்றுவிடுங்கள், நான்கு சீட்டுள்ள கூப்பேயாகப் பார்க்கலாம்.

விற்பதென்று முடிவானால் கர்க்கடக மாதத்தில் விலை கேட்காதீர்கள், அங்கே கர்க்கடகம், இங்கே ஆடி, வாங்க ஆள் இருக்காது. சிங்ஙம் பிறந்து ஓணத்தை ஒட்டிக் கேளுங்கள். டிசம்பரைத் தாண்ட விடாதீர்கள், ஜனவரி முதல் தேதி வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, இரண்டாவது சாவியையும் தேடி எடுத்து வையுங்கள். அந்தச் சாவி இல்லையென்றால் வாங்குபவர் அதற்கும் ஒரு விலை கழிப்பார்.