மலையடிவாரத்தில் கோடை இடிமழையைக் கணிப்பது ஏன் கடினம்?

“இடியுடன் மழை என்று அறிவித்தார்கள், பக்கத்து ஊரில் மட்டும் பெய்தது. ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறிவிப்பு பொய்யல்ல. வெயிலில் மலைச்சரிவு சூடேற, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலேறுகிறது. ஈரப்பதம் இருந்தால் பிற்பகலில் இடிமேகம் திரளும். இல்லையென்றால் எவ்வளவு கொதித்தாலும் ஒரு துளி விழாது. தனி இடிமேகம் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மணி நேரத்துக்குள் பெய்து ஓய்ந்துவிடும். அது எந்த ஊரின் மேல் நிற்கும் என்பதை முந்தைய நாளே எப்படிச் சொல்வது? ரேடாரைப் பார்த்து ஓரிரு மணி நேரம் முன்புதான் சொல்ல முடியும்.

முற்பகலிலேயே முகட்டின் மேல் மேகம் காலிஃபிளவர் போலப் புடைத்து உயர்கிறதா என்று பாருங்கள். புழுக்கத்தின் நடுவே திடீரெனக் குளிர்காற்று வீசினால் உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள். மழைக்கு முன்பே மின்னல் தாக்கக்கூடும்.